ஏற்காட்டு மூட்டத்தை நீக்கணுமா, வைத்துக்கொள்ளணுமா?

கேள்வி: அம்மாப்பேட்டை வாசகர், 9 ஜனவரி 2024

அரையாண்டு லீவில் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். லேடீஸ் சீட் என்ற பாறை முனையில் நின்றால் சேலம் மொத்தமும் காலடியில் கிடக்கிறது. கண்ணை எடுக்க மனசு வரவில்லை. போனில் எடுத்த படத்தில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. கீழே சாம்பல் நிறம், நடுவில் ஒரு கோடு, மேலே வெள்ளை, அவ்வளவுதான். ஆப்பில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன், வானம் அழுக்காகிவிட்டது. மூட்டமே இல்லாத நாளாகப் பார்த்துப் போனால்தான் மலைப்படம் எடுபடும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்த மாதம் போகலாம்?

9 ஜனவரி, இரவு

மாதம் அப்புறம். முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் படங்களுக்குக் கண்ணாடி வைத்து பிரேம் போடும் கடை எங்களுடையது. சாமி படம், கல்யாணப் படத்துக்கு அடுத்தபடி ஏற்காட்டுப் படங்கள் நிறைய வரும். பெருமழை விட்ட மறுநாள், காற்றில் தூசே இல்லாதபோது எடுத்தவையும் வரும். கட்டடம் கட்டடமாகத் தெரியும், பைபாஸ் தெரியும், கஞ்சமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அத்தனையும் தெரிந்தும் படத்தில் தூரம் இருக்காது. லேடீஸ் சீட்டிலிருந்து ஊருக்கு நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்கு மேல், உயரத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் வித்தியாசம். அந்த இடைவெளி முழுக்கக் காற்று. அந்தக் காற்று படத்தில் கொஞ்சமாவது தெரிந்தால்தான் பார்க்கிறவர் வாயிலிருந்து "அடேயப்பா" வரும்.

மூட்டம் தூரத்தைச் சொல்லும் கருவி. அதைத் துடைத்து எறிவதற்கு முன்னால் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

10 ஜனவரி

"நடுவில் ஒரு கோடு" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மூட்டம் காரணமே இல்லை, லென்ஸ்தான் காரணம். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நின்று சேர்வராயன் மலையைப் பாருங்கள். தூரம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். மலை நம்மைவிட ஆயிரத்து நூறு மீட்டருக்குக் குறையாமல் உயரம். நம் கண்ணில் அது பிடிக்கும் கோணம் ஏழு டிகிரி சொச்சம்தான். போனின் சாதாரண லென்ஸ் பழைய பிலிம் கணக்கில் 24 அல்லது 26 மில்லிமீட்டர் (இந்த எண் சின்னதானால் பார்வை அகலம், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் வரும்). படுக்கை வாட்டில் பிடித்தால் மேலிருந்து கீழாக ஐம்பது டிகிரிக்கு மேல் வாங்கிக்கொள்ளும். ஆக மலைக்குக் கிடைப்பது படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. மிச்சம் ஆறு பங்கும் வானமும் ஏரித் தண்ணீரும்.

நேரில் அப்படித் தெரிவதில்லை. மனசு மலையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. லென்ஸுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. அதனால் அந்த வேலையை நாம்தான் செய்யணும். மலைதான் விஷயம் என்றால் போனில் 2எக்ஸ், 3எக்ஸ் போங்கள். கேமரா என்றால் 70-லிருந்து 200 மில்லிமீட்டர். ஏற்காட்டுக்கு வைடு லென்ஸ்தான் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

13 ஜனவரி

ஓமலூர்க்காரர் ஒருவர், "எல்லா மூட்டமும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. இதை நிதானமாகச் சொல்லணும்.

முதலாவது, வெறும் காற்றின் நீலம். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. தூரத்து மலை நீலமாகத் தெரிவது இதனால்தான். பக்கத்து மேடு பச்சை, அதற்குப் பின்னால் கரும்பச்சை, அதற்கும் பின்னால் நீலம், கடைசியில் வானத்தோடு கலந்த வெளிர்நீலம். இது நமக்கு நண்பன்.

இரண்டாவது, தூசியும் புகையும். துகள்கள் பெரிதாக ஆக எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிக்கும். வெள்ளையாக, சாம்பலாகத் தெரியும். மாசி, பங்குனியில் சேலத்தின் மேல் நிற்பது இதுதான். செங்கல் சூளை, வண்டிப் புகை, குப்பை எரிப்பது, அடிவாரத்தில் காட்டுத்தீ பிடித்தால் அந்தப் புகையும். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று சுற்றிலும் மலை நிற்பதால் ஊர் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. கிளம்பிய புகை சீக்கிரம் வெளியேறாது.

மூன்றாவது, மேகம். ஏற்காட்டில் நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் மலையை உரசிக்கொண்டு போகும் மேகம்தான். அது தண்ணீர்த் துளி. நகரும், கிழியும், பத்து நிமிடத்தில் காணாமல் போகும்.

டீஹேஸ் பொத்தானுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். மங்கலாக இருக்கும் இடத்தில் கான்ட்ராஸ்டையும் நிறத்தையும் இழுத்துவிடும். நீலத்தை இழுத்தால் மலை ஊதாவாகும், தூசியை இழுத்தால் வானம் அழுக்காகும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

14 ஜனவரி

மாதம் கேட்டது நினைவிருக்கிறது. கார்த்திகை கடைசியிலிருந்து தை முடிய. மழை தூசியை இறக்கிவிட்டிருக்கும். விடியலில் சமவெளிக்காற்று குளிர்ந்து கீழே தங்கும், அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடியிருக்கும். ஊர்ப் புகையும் பனியும் மேலே ஏற வழியில்லாமல் ஒரே மட்டத்தில் படிந்து நிற்கும், மலைகள் மட்டும் தலையை வெளியே நீட்டும். மூட்டம் இல்லாத நாளைத் தேட வேண்டாம். மூட்டம் ஒழுங்காகப் படிந்திருக்கும் நாளைத் தேடுங்கள்.

3 பிப்ரவரி

லென்ஸ் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர் வாங்கலாமா என்று ஒருவர். வாங்கலாம், வேலை தெரிந்து போடணும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில், அதாவது சூரியன் உங்கள் தோள் பக்கம் இருக்கும்போதுதான் அது முழுசாக வேலை செய்யும். காற்றின் நீலத்தைக் குறைக்கும், காபி இலையில் அடிக்கும் பளபளப்பை எடுத்துப் பச்சையை வெளியே கொண்டுவரும். தடித்த புகையை ஒன்றும் செய்யாது. வைடு லென்ஸில் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் வெளிறி நிற்கும்.

மழை நின்ற பத்தாவது நிமிடம், சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி. அங்கே போட்டுப் பாருங்கள். வானத்துக்காகவே அதை வாங்குகிறார்கள். எனக்கு அது ஈர இலைக்கான பில்டர்.

11 பிப்ரவரி

இன்று வெளிச்சத்தைப் பற்றி. ஞாயிறு கூட்டத்தில் லேடீஸ் சீட்டில் காலை பத்து மணிக்கு எல்லோரும் எடுக்கிறார்கள். அந்த இடம் ஏற்காடு ஊருக்குத் தென்மேற்கே, சேலத்தைப் பார்த்து இருக்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். எதிரே விழும் வெளிச்சம் எல்லா மடிப்பையும் சமமாக நிரப்பிவிடும், மேடு பள்ளமே தெரியாது. சாயங்காலம் வாருங்கள். மார்கழியில் சூரியன் மேற்குக்குத் தெற்கே தள்ளி இறங்கும், ஏறக்குறைய உங்களுக்கு நேர் எதிரே. எதிர்வெளிச்சத்தில் மூட்டம் தானே ஒளிரும். ஒவ்வொரு மலைத்தொடரும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஆனியில் அதே சூரியன் வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி, வடமேற்கில் இறங்கும். அப்போது கிடைப்பது பக்கவாட்டு வெளிச்சம், அதில் மடிப்புகள் தெரியும். ஒரே பாறையில் நின்றால் ஆறு மாதத்தில் இரண்டு வேறு ஊர்.

இன்னொன்று. வெளிநாட்டுக் கையேடுகளில் பொன்வெளிச்சம் ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் அவ்வளவு கிடையாது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், இறங்கும். அரை மணிக்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். மறைந்த பிறகு வானத்தில் நீலம் நிற்பதும் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். ஊர் விளக்கு எரியவும் வானம் முழுக்க இருட்டாமல் இருக்கவும் பொருந்திவரும் நேரம் அதற்குள் இருக்கிறது. நன்றாக இருட்டிய பிறகு எடுத்தால் கறுப்புத் துணியில் புள்ளிகள்தான் வரும். எந்த ஊர் என்று யாரும் சொல்ல முடியாது.

நிலமும் பொழுதும் சேர்ந்தால்தான் முதற்பொருள் என்று தமிழ் வகுப்பில் படித்திருப்போம். மலைப்படத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பொழுதை விட்டுவிட்டு.

12 பிப்ரவரி

பகோடா பாயின்ட் பற்றிக் கேட்டவருக்கு: அது ஏற்காட்டின் கிழக்குப் பக்கம். விடியலுக்கு அங்கே, அந்திக்கு லேடீஸ் சீட். இருட்டில் நடக்கும்போது காட்டுமாடு நிற்கும், டார்ச் அடித்துப் பார்த்துப் போங்கள்.

9 மார்ச்

கடைக்கு வந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியே ஆகணும். கொண்டுவந்தது காலேஜ் படிக்கும் ஒரு தம்பி.

அடிவாரத்திலிருந்து ஏறும் அரசு பஸ், கொண்டை ஊசி வளைவில் திரும்பும் கணம். பஸ் முழுசாகத் தெரியாது. இரண்டு முன்விளக்கு, அந்த வெளிச்சம் பட்ட கைப்பிடிச் சுவரில் கறுப்பு வெள்ளைப் பட்டை, ஜன்னலில் தலையைச் சுற்றித் துண்டு கட்டிய ஒருவரின் பாதி முகம். மீதி எல்லாம் மேகம். மலையே இல்லை. ஆனால் வலது ஓரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தின் உச்சிக் கொப்பு மட்டும் சுவரின் மட்டத்துக்கு நிற்கிறது. மரத்தின் உச்சியே ரோடு மட்டத்தில் என்றால் அதன் அடி எங்கே இருக்கும்? அந்தக் கொப்பைக் கண்டுபிடித்ததும் வயிற்றில் சில்லென்று இருந்தது. பள்ளத்தைக் காட்டாமலே பள்ளம் தெரிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் தம்பியிடம் பேசினேன். மேகம் சாம்பலாக வந்திருந்தது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். மேகத்தில் முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் கூட்டி எடுக்கணும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்க மேடுகளை எடுக்கிறவர்களுக்கும் இதே பாடம். மேக்னசைட் குவியலை மீட்டர் போக்கில் விட்டால் சிமென்ட் மாதிரி வரும்.

கூடவே ஒன்று. வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டில் நின்று எடுக்காதீர்கள். இருபது வளைவு இருக்கிறது, இறங்கி வரும் லாரிக்கு மேகத்தில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். தம்பி எடுத்தது ஒரு டீக்கடைத் திண்ணையிலிருந்து.

24 மார்ச்

"முன்புலத்தில் ஏதாவது வைக்க வேண்டும் என்கிறார்களே, நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே" என்று ஆத்தூரிலிருந்து.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. இப்போது வருகிற படங்களில் பாதியில் முன்னால் ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்தவருக்கே தெரியாது. முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் ஏதாவது உறவு இருக்கணும். வாழப்பாடி போகிற வழியில் குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காடு, பின்னால் மலை. மலையிலிருந்து இறங்கிய மண், அதில் விளைந்த கிழங்கு, அடுத்த வயலுக்குப் பக்கத்திலேயே சேகோ பேக்டரிக் களத்தில் ஜவ்வரிசி காய்கிறது. அந்த வெள்ளைக் களம் முன்னால், நீல மலை பின்னால் என்றால் அது நம் பக்கத்துக்கே உரிய படம். பாறை எந்த மலையிலும் இருக்கிறது.

வைடு லென்ஸுக்கு வேலை வருவதும் இங்கேதான். குனிந்து, முன்னால் இருப்பதற்கு இரண்டடி பக்கத்தில் போய், லென்ஸின் துளையை எப்11 அளவில் வைத்து (எண் கூடக் கூடத் துளை சின்னது) எடுத்தால் கிட்டத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். எப்22 வரை போனால் தெளிவு கூடாது, குறையும்; துளை சின்னதாக ஆக ஒளி விளிம்பில் வளைந்து பரவிவிடும்.

26 மார்ச்

கோடைமழை ஒன்று பெய்திருக்கிறது என்று மேலேயிருந்து போன் வந்தது. காபி பூக்கும். மழைக்கு ஒன்பது, பத்து நாள் கழித்து ஒரே சமயத்தில் எல்லாச் செடியும் வெள்ளையாகும், இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். போகிறவர்கள் வெயில் நேரம் பார்த்துப் போக வேண்டாம். வெயிலில் வெள்ளைப் பூ கண்ணைப் பறிக்கும், படத்தில் வெறும் ஓட்டையாக வரும். மூடின வானம் போதும்.

8 ஏப்ரல்

முன்புலம் பற்றி எழுதியதில் இன்னும் ஒன்று சேர்க்கணும். முன்புலமே இல்லாமல் நிற்கும் படங்களும் இருக்கின்றன. 200 மில்லிமீட்டரில் ஐந்து வரிசை மலை, ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டு போகும், வேறு எதுவும் கிடையாது. அங்கே கண்ணை உள்ளே அழைத்துப் போவது பாறையோ பாதையோ இல்லை, மங்கலின் படிகள்தான். நான் முதலில் சொன்ன மூட்டம் இங்கே முன்புலத்தின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குப் போகின்றன; பார்க்கிறவருக்கு உள்ளே நடந்துபோக வழி இருக்கணும்.

19 மே

மேட்டூரில் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கிறது. பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், மூழ்கிய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே நிற்கின்றன. 1934-ல் அணை கட்டி முடிந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம். மலைப்படம் பேச வந்த இடத்தில் அணையைப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அளவு என்ற விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காய்ந்து வெடித்த சேற்றில் நந்தி மட்டும் நின்றால் அது பொம்மையளவா, வீட்டளவா என்று தெரியாது. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் அதன் பக்கமாக நடந்து போகிறார், உடனே எல்லாம் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆளை நடுவில் வைத்து போஸ் கொடுக்கச் சொல்ல வேண்டாம். ஆள் சின்னதாக, தன் வேலையில் இருக்கணும்.

14 ஜூலை

எடிட்டிங் பண்ணுவது ஏமாற்றா என்று இங்கே வாசகர்களுக்குள் நீண்ட சண்டை நடந்திருக்கிறது. நான் ஒரு பழைய செய்தி சொல்கிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் எடுத்தார்; அந்தப் படங்கள் 1858-ல் தொகுப்பாக வந்தன. மெழுகு ஏற்றிய காகிதத்தில் நெகட்டிவ். அந்தக் கால ரசாயனத்துக்கு நீலம் மட்டும்தான் உறைக்கும், அதனால் மலை சரியாக விழும் நேரத்துக்குள் வானம் அளவுக்கு மேல் விழுந்து, பிரின்டில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேலேயே வர்ணம் தொட்டு மேகம் வரைந்தார்.

நான் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. அன்று வானத்தில் மேகம் இருந்தது, கருவிக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை. கருவியால் முடியாததைக் கை சரிசெய்தது. இன்று நடப்பது வேறு. ஒரே தட்டில் வானத்தையே மாற்றும் ஆப் வந்திருக்கிறது. வெளிநாட்டு வானத்தைக் கிளியூர் அருவிக்கு மேல் ஒட்டுகிறார்கள். வானத்தில் சூரியன் இடப்பக்கம், அருவிப் பாறையில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஒப்புக்கொள்ளாது. எனக்கு எல்லை இதுதான்: அங்கே இருந்த வெளிச்சத்தை மீட்பது சரி, இல்லாத பொழுதைக் கொண்டுவந்து வைப்பது கூடாது.

2 ஆகஸ்ட்

மேட்டூர் நிரம்பிவிட்டது. நந்தி உள்ளே. மே மாதம் போகாதவர்கள் அடுத்த கோடைக்குத்தான்.

18 ஆகஸ்ட்

"ஏற்காட்டில் எங்கே திருப்பினாலும் கரண்ட் கம்பி, ரிசார்ட், செல் டவர். இயற்கையை எடுக்கவே முடியவில்லை" என்று ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நாம் இயற்கை என்று எடுக்கும் அந்தப் பச்சையைப் பார்ப்போம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். சோலைக்காடு போன இடத்தில் வந்த தோட்டத்தைத்தான் நாம் காடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் கம்பியை ஒதுக்குவதோ சேர்ப்பதோ நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சேர்வராயன் கோயில் மேட்டுப் பக்கம் பாக்சைட் வெட்டிய இடங்கள் இருக்கின்றன. பச்சைக்கு நடுவில் சிவப்பாகத் திறந்த மண். அந்தச் சிவப்பை விளிம்பில் ஒளித்து எடுத்த படங்கள் நூறு வந்திருக்கும். அதையே நடுவில் வைத்து, மழைக்குப் பிறகு தேங்கிய செந்நீரில் மேகம் விழுந்திருக்க எடுத்த ஒரு படத்துக்கு பிரேம் போட்டுக் கொடுத்தேன். அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கடையில் இருந்த வரைக்கும் உள்ளே வந்த எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள், "இது எங்கே?" என்று கேட்டார்கள். மலைப்படம் எடுபட்டதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இந்தக் கேள்விதான். "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் எனக்குத் திருப்தியில்லை.

20 ஆகஸ்ட்

இல்லை, கம்பியை அழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்வைக்கு இடைஞ்சலாக மட்டும் இருந்தால் இரண்டு அடி தள்ளி நின்று எடுங்கள். முக்கால்வாசிக் கம்பி அதிலேயே போய்விடும்.

10 நவம்பர்

ரொம்ப நாளாக எழுதவில்லை, தீபாவளி வேலை. அதற்கு நடுவில் வந்த ஒரு பிரின்டைப் பற்றி.

எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா கொண்டுவந்தார். மகன் போனில் எடுத்தது, எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். லைன் வீடுகள் ஒரு வரிசை, தகரக் கூரை, பின்னால் சில்வர் ஓக் மரங்கள், மேலே மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை. முதலில் பார்த்தால் புகையும் மேகமும் ஒன்றாகத் தெரியும். கண்ணாடி வைக்கும் முன் துடைப்பதற்காகக் கிட்டத்தில் பிடித்தபோதுதான் கவனித்தேன். கறுத்த மரங்களுக்கு முன்னால் புகை லேசாக நீலமாக ஓடுகிறது, மேகம் சுத்த வெள்ளை. விறகுப் புகையின் துகள் அவ்வளவு பொடி, அது நீலத்தைச் சிதறடிக்கிறது. மேகத்தின் துளி பெரிது. ஜனவரியில் நான் எழுதிய மூன்றில் இரண்டு, ஒரே கூரைக்கு மேல். நீலம் ஒரு மரத்தின் உயரம் வரை ஏறி, அங்கே வெள்ளையில் கரைகிறது.

வாசலில் கழுவிக் கவிழ்த்த குண்டான் ஒன்று. ஆள் யாரும் இல்லை. "அது எங்க வீடுங்க, மூணாவது" என்றார் அந்த அம்மா. புகை வந்த வீடு.

இதில் விதி எதையும் யாரும் பார்க்கவில்லை. தொடுவானம் கொஞ்சம் சாய்ந்துகூட இருக்கிறது. நேராக்கித் தரவா என்று கேட்கவில்லை, அந்தச் சரிவு நிலத்தில் வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. எடுத்தவருக்கு எது முக்கியம் என்று தெரிந்திருந்தது, அது போதும். கேமரா, லென்ஸ், பில்டர் என்று இத்தனை எழுதிய பிறகு இதை வலுவாகச் சொல்லத் தோன்றுகிறது. எதற்காக நின்றீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், மீதித் தீர்மானங்கள் அதிலிருந்து வரும். "ஏற்காடு அழகாக இருந்தது" என்பது அந்த வாக்கியம் இல்லை. "எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது" என்பது அந்த வாக்கியம்.

11 நவம்பர்

கறுப்பு வெள்ளையில் மாற்றினால் எல்லாம் கலையாகிவிடும் என்று எழுதியவருக்கு: நேற்றைய படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்கள், புகை மேகத்தில் காணாமல் போகும். மலை வரிசைக்கும் பாக்சைட் மேட்டின் கோடுகளுக்கும் அது பொருந்தலாம். படத்தின் விஷயம் நிறத்தில் இருக்கிறதா, வெளிச்சத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

7 டிசம்பர்

ஆத்தூர்க்காரர் இரண்டு படம் அனுப்பி, எதைப் பெரிதாகப் போடலாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டும் கல்வராயன் மலை விடியல். முதலாவதில் வானம் பற்றி எரிகிறது, கீழே நிலம் கறுப்பு. இரண்டாவதில் வானம் சாதாரணம். மண்பாதை ஒன்று மாந்தோப்புக்குள் போய், பனிக்குள் மறைந்து, தூரத்தில் இன்னொரு மேட்டில் மறுபடி தெரிகிறது.

இரண்டாவதைப் போடுங்கள். முதல் படத்தை முதல் வாரம் எல்லோரும் பாராட்டுவார்கள். வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கிற படத்தில் கண் போய்வர வேலை இருக்கணும். பாதை பனிக்குள் போய்த் திரும்ப வெளியே வரும் அந்த இடைவெளியை மனசு ஒவ்வொரு தடவையும் நடந்து கடக்கும். முதலாவதில் சிவப்பு ஏற்கெனவே உச்சத்துக்கு இழுத்த நிலையில் இருக்கிறது, பிரின்டில் இன்னும் அடைத்துக்கொள்ளும்.

பிரின்டுக்குக் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பைல் வேண்டாம், ஒரிஜினலைக் கொடுங்கள். பனி போன்ற மெல்லிய சாயல் மாற்றம்தான் பைல் சுருங்கும்போது முதலில் படிகளாக உடையும். பளபளப்பான பேப்பர் வேண்டாம், மேட் போடச் சொல்லுங்கள். ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் பிரதிபலிக்காத கண்ணாடி கேளுங்கள், விலை கூடுதல்தான், ஆனால் வெளிர் சாயல் அதில்தான் நிற்கும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு போதும். சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளை மவுன்ட் விட்டு, மெல்லிய கறுப்புச் சட்டம். தங்க நிறப் பூவேலைச் சட்டம் சாமி படத்துக்கு இருக்கட்டும்.